குடும்பம் என்றால் எத்தனை அடுப்பு

நான் பிறந்து வளர்ந்தது சுரங்க ஊழியர்களுக்கான டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில். அங்கே குடும்பம் என்றால் என்ன என்று யாரும் மண்டையை உடைத்துக்கொண்டதில்லை. கதவில் ஓர் எண் இருக்கும்; கதவுக்குள் இருப்பவர்கள் ஒரு குடும்பம், அவ்வளவுதான். அப்பா சுரங்கத்தில் பெர்மனென்ட் என்பதால் எங்களுக்கும் ஒரு கதவு இருந்தது. இந்த அறிவோடுதான் பொருளாதாரம் படித்தேன். இதே அறிவோடுதான் சென்னையிலிருந்து வந்த ஓர் ஆய்வுக்காக வீடு வீடாகக் கேள்வி கேட்கும் வேலையிலும் சேர்ந்தேன்.

சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்கள் இப்போது எப்படிப் பிழைக்கிறார்கள் என்பது ஆய்வு. சில மாத இடைவெளி விட்டு, அதே வீடுகளுக்கு மூன்று முறை போக வேண்டும். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம் என்று பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. பட்டா குழப்பும், ரேஷன் கார்டு குழப்பும், அடுப்பு குழப்பாது என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய மக்கு நான்!

முத்தாண்டிக்குப்பம் போகிற சாலையில் ஓர் ஊர். அண்ணன் தம்பி இரண்டு பேரும் மனைவி மக்களோடு ஒரே வீட்டில் இருந்தார்கள். நிலத்துக்கு ஈடாகக் குடும்பத்துக்கு ஒன்று என்று கிடைத்த வேலை அண்ணனுக்குப் போயிருந்தது, அவர் பெர்மனென்ட். தம்பி அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட். நான் போனபோது ஓரகத்திகள் இருவரும் சமையலறையில் இருந்தார்கள். சின்னவள் கத்தரிக்காய் நறுக்க, பெரியவள் தாளித்துக்கொண்டிருந்தாள்.

"அடுப்பு எத்தனைக்கா?"

"ஒண்ணுதாங்க. கொல்லையில இருக்கறது வெந்நி அடுப்பு," என்றாள் சின்னவள். "அடுப்ப எதுக்குங்க கேக்கறீங்க?"

கேள்விக்கு விளக்கம் சொல்லக் கூடாது என்பது எங்களுக்கு விதி. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டேனே. "ஒரு அடுப்புன்னா ஒரு குடும்பம். ரெண்டு அடுப்புன்னா ரெண்டு குடும்பம்னு எழுதுவோம்" என்றேன்.

நறுக்குவதை நிறுத்தினாள். "அப்ப ரெண்டு குடும்பம்னா, எங்க வூட்டுக்காரருக்கும் பெர்மனென்ட் ஆவுமா?"

இது வெறும் ஆராய்ச்சி, வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றேன். தலையாட்டினாள். எங்கள் பக்கத்தில் யாராவது கையில் தாளோடு வந்து ஆட்களை எண்ணிவிட்டுப் போனால், அதற்குப் பிறகு ஏதோ ஒன்று வரும், அல்லது போகும். அந்த மண்ணிலேயே வளர்ந்த எனக்கு அவளுடைய தலையாட்டல் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

இரண்டாம் முறை போனபோது அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். "வாங்க மேடம், ஒங்களத்தான் பாத்துகினு இருந்தேன். நாங்க தனியா ஆக்கிகினு இருக்கோம். வந்து பாத்து எழுதிக்கோங்க."

வெந்நீர் அடுப்பில் முந்திரி விறகு எரிய, சோறு கொதித்துக்கொண்டிருந்தது. பெரியவள் உள்ளேயிருந்து சிரித்தபடி வந்தாள். "குண்டான் நான்தாம்மா எடுத்துக் குடுத்தேன். கொழுந்தனுக்கு வேல ஆனா எங்களுக்கும் சந்தோசம்தான?"

திரும்பவும் விளக்கினேன். நான் ஏதோ ரகசியத்தை மறைப்பதுபோல இருவரும் புன்னகைத்தார்கள். தெருமுனைக்குப் போய் மேற்பார்வையாளரை அழைத்தேன். வழியில் இன்னும் இரண்டு கொல்லைகளில் புதிதாகப் புகை கிளம்பிக்கொண்டிருந்தது. அவருக்குக் குழப்பமே இல்லை. "சோறு எத்தனை அடுப்புல வேகுது? ரெண்டா? அப்ப ரெண்டு குடும்பம்." இல்லாத பிரிவை எழுதுவது பொய்யா, கண்ணால் பார்த்த அடுப்பை எழுதாமல் விடுவது பொய்யா? தெரியாமலே இரண்டு என்று பதிந்தேன்.

மூன்றாம் முறை போனபோது கொல்லையில் புகை இல்லை. பக்கவாட்டில் தகரம் வைத்து அடைத்து, சின்னவள் தனியாக கேஸ் அடுப்பு போட்டிருந்தாள். தம்பி இன்னமும் கான்ட்ராக்ட்தான். பெரியவளிடம் வழக்கம்போல எல்லோரையும் பற்றிக் கேட்டேன். "அவ வூட்டு சேதிய அவளையே கேளுங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

சின்னவளிடம் என்ன நடந்தது என்று கேட்டேன். அவளும் என்னைப்போலவே குழம்பித்தான் இருந்தாள்.

"ஒண்ணும் நடக்கலிங்க. மொதல்ல சும்மாதான் ஆக்கனோம். புள்ளைங்க ரெண்டு பக்கமும் தின்னுகினு இருந்துச்சிங்க. ஒரு நாளு எம் பொண்ணு அங்க போயி ஒக்காந்ததுக்கு, 'ஒங்க வூட்டுல ஆக்கலியாடி'ன்னு அக்கா கேட்டாங்க. வெளையாட்டாதான் கேட்டிருப்பாங்க. ஆனா அதுலேருந்து நான் அனுப்பறதில்லிங்க."

"இதனால ஒண்ணும் வரப்போறதில்லக்கா. மறுபடியும் ஒண்ணாவே சமைக்கலாமே?"

"யாரு மொதல்ல போயி கேக்கறது?"

கையிலிருந்த டேப்லெட் அடுத்த கேள்வியைக் காட்டியது: குடும்பம் பிரிந்ததற்குக் காரணம் என்ன? திருமணம், இறப்பு, இடப்பெயர்வு, சொத்துத் தகராறு, மற்றவை. ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையசைத்தாள். மற்றவை என்பதைத் தொட்டேன். விவரம் எழுதச் சொல்லிக் காலியாக ஒரு கட்டம் திறந்தது. நான் வந்து கேட்டதால் பிரிந்தார்கள் என்று எழுதுவதா? அவர்களைப் பிரித்தது நானா, தகரமா, எப்போதோ ஒருவருக்கு மட்டும் கிடைத்த வேலையா? எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

"என்னக்கா எழுதட்டும்?" என்று அவளிடமே கேட்டேன்.

அவள் அந்தக் கட்டத்தை எட்டிப் பார்த்தாள். "இதுல என்னா வேணா எழுதிக்கோங்க மேடம். மொத வாட்டி வந்தப்ப ஒரே குடும்பம்னு எழுதனீங்க இல்ல, அத மட்டும் அழிக்காம வெச்சிருங்க."

அழிக்க மாட்டேன் என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.