என் பெயரில் போன மெயில்

கல்லூரி அலுவலகத்திலிருந்து வந்தது போலவே இருந்தது அந்த மெயில். திருத்திய தேர்வு அட்டவணை என்று தலைப்பு. வகுப்புக்குப் பத்து நிமிடம் இருந்தது. இணைப்பைத் திறந்தேன். வெற்றுப் பக்கம், மேலே ஒரு மஞ்சள் பட்டை அனுமதி கேட்டது. கொடுத்தேன். அப்போதும் ஒன்றும் வரவில்லை. லேப்டாப்பை அப்படியே விட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது பக்கத்து மேசை ஆசிரியர், நான் அனுப்பிய அட்டவணை காலியாக இருக்கிறதே என்றார். நான் எதையும் அனுப்பவில்லை. என் முகவரிப் பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் அதே மெயில் என் பெயரில் போயிருந்தது.

கல்லூரிக் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஒருவர் வந்து முதலில் நெட்டைத் துண்டித்தார். ஒரு பென் டிரைவிலிருந்து லேப்டாப்பை இயக்கி, திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்து, ஒளிந்திருந்ததை எல்லாம் அழித்தார். பாஸ்வேர்டை வேறு கம்ப்யூட்டரிலிருந்து மாற்றச் சொன்னார். நல்லவேளை, என் ஃபைல்கள் தப்பின. உடனே எல்லாருக்கும் போன் பண்ணி மெயிலைத் திறக்க வேண்டாமென்று சொல்லிவிடும்படி இரண்டு முறை சொன்னார்.

நான் பண்ணவில்லை. போலி மெயில்களைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்று போன மாதம்தான் மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் பேசியிருந்தேன். எந்த முகத்தோடு சொல்வது? யாரும் திறந்திருக்க மாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மத்தியான வகுப்புக்குப் போய்விட்டேன்.

நாலு மணிக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து போன் வந்தது. என்னோடு சில வருடம் வேலை பார்த்தவள். வேலையை விட்டுவிட்டு முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தாள். திருவெள்ளறைப் பக்கம் வயல் வேலை செய்யும் பெண்களைச் சந்தித்து, அவர்கள் பேச்சைப் பதிவு செய்து, ஒவ்வொரு வார்த்தையாக டைப் அடித்து வைத்திருந்தாள். அரை மணி நேரத்துக்கு முன்னால் என் மெயிலைத் திறந்திருக்கிறாள். இப்போது எந்த ஃபைலும் திறக்கவில்லை, பணம் கேட்டு ஒரு அறிவிப்பு மட்டும் நிற்கிறது என்றாள். அப்போதுதான் காலையில் நடந்ததைச் சொன்னேன்.

"காலையிலேயே தெரியுமா மேடம்?" என்று கேட்டாள். அதுவரை என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

மறுநாள் லேப் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போனேன். அவள் வீட்டில் வேலை முடிய மூன்று மணி நேரமானது. அவள் எங்களுக்குக் காபி கொடுத்தாள். என்னைப் பார்க்காமல் கொடுத்தாள். கடைசியில் லேப் அம்மா, "வைரஸ் போயிடுச்சுங்க. ஆனா அது பூட்டினதை என்னால திறக்க முடியாது" என்றார். நகல் வைத்திருந்த பென் டிரைவும் அப்போது செருகியே இருந்ததால் அதுவும் போயிருந்தது. போனில் இடமில்லையென்று பதிவுகளை அவள் முன்பே அழித்திருந்தாள்.

பிழை பார்க்க எனக்கு அனுப்பியிருந்த மூன்று அத்தியாயங்கள் என் மெயிலில் இருந்தன. அவற்றை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மற்றதற்காக அவள் மறுபடி திருவெள்ளறைக்குப் போனாள். நானும் வரட்டுமா என்று கேட்டேன், வேண்டாமென்று சொல்லவில்லை. ஐந்தாறு ஞாயிற்றுக்கிழமைகள் கூடப் போனேன். பெரும்பாலான பெண்கள் சிரித்துக்கொண்டே மறுபடி பேசினார்கள். ஒருத்தி மட்டும் நாற்றுக்கட்டைக் கீழே வைக்காமலே, "அன்னைக்குச் சொல்லிட்டேன்ல. இன்னொரு தடவை என்னால சொல்ல முடியாது தாயி" என்று சொல்லிவிட்டு வயலுக்குள் இறங்கினாள்.

ஆய்வேடு ஒரு வருடம் தள்ளி முடிந்தது, பட்டமும் கிடைத்தது. அந்தப் பெண்ணின் பகுதி அதில் இல்லை. அவள் முதல் தடவை என்ன சொல்லியிருந்தாள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.