வேதாளத்தின் கடைசிக் கேள்வியும் எங்கள் வீட்டு முறையும்

அன்று மாலை தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் காம்பராவில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, வத்தேகமவிலிருந்து பஸ் மாறி மாறி வந்து சேர்ந்த மாப்பிள்ளையின் அப்பா, பிறகு நான். இல்லாதவர்களில் முதல் ஆள் மாப்பிள்ளை. அடுத்தவர் என் பெரியப்பா. யாருக்கு யார் என்ன முறை என்று யோசிக்காமலே சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். அவரும் முந்திய வருஷமே பாஸ்போர்ட் கிடைத்து இந்தியாவுக்குப் போய்விட்டார். என் தங்கச்சியை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவள் குசினியில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். பேசியது அவள் கல்யாணத்தை. அவளைத்தான் ஒருவரும் கூப்பிடவில்லை.

மாப்பிள்ளை வத்தேகம மார்க்கெட்டில் ஒரு கடையில் நிற்கிறவர். நல்ல மனிதர். அவரைத் தவிர வேறு யாரையும் கட்டமாட்டேன் என்று தங்கச்சி சொல்லிவிட்டாள். அவரும் அப்படியே சொன்னாராம். தடை ஒன்றே ஒன்றுதான். மாப்பிள்ளையின் அப்பா அம்மாவுக்குப் பெரியம்மா மகன், அதாவது அண்ணன். மாப்பிள்ளையின் அம்மா அம்மாவுக்குச் சித்தப்பா மகள், அதாவது தங்கச்சி. அப்பன் வழியில் போனால் பையன் என் தங்கச்சிக்கு மாமன் மகன், தாராளமாகக் கட்டலாம். தாய் வழியில் போனால் சின்னம்மா மகன், கூடப் பிறந்த அண்ணன் மாதிரி. வாயெடுத்துச் சொல்லவே கூடாது.

சித்திரையில் தொடங்கிய பேச்சு ஆடி தாண்டியும் முடியவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாமா வருவார், முதலிலிருந்து ஆரம்பிப்பார். "அண்ணன்னு சொல்லுக்கா, சரி. அப்ப தங்கச்சி முறையில இருக்கிற அவர் பெஞ்சாதியை என்னன்னு கூப்பிடுவ?" அம்மா இரண்டு பக்கமும் தலையாட்டுவாள். மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டபோது இந்த முறையெல்லாம் எங்கே போயிருந்தது என்று நான் ஒருமுறை கேட்டேன். "அப்ப கேக்க ஆளில்ல" என்றார் மாமா. இப்போது கேட்க ஆள் இருப்பதுதான் எங்கள் வீட்டுக்குப் பிடித்த சனி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் பரீட்சை எழுதிய முதல் ஆள் நான். ஹேவாஹெட்ட மலையிலிருந்து இறங்கி, கண்டி டவுனில் பருப்பும் புண்ணாக்கும் தவிடும் மொத்தமாக விற்கும் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் டவுன் கோயில் மண்டபத்தில் சொற்பொழிவு கேட்பேன். ஒருமுறை என்னையே பேசச் சொன்னார்கள். வேதாளம் ராஜாவிடம் கேட்ட கடைசிக் கேள்வியைப் பற்றிப் பேசினேன். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் என்னைக் கெடுத்தது.

அன்று மாப்பிள்ளையின் அப்பா வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அம்மாவிடம் சொல்லிவிட்டார். "இன்னிக்கு ஒரு முடிவு சொல்லிடுங்க தங்கச்சி. இல்லாட்டி கடுகண்ணாவையில ஒரு எடம் இருக்கு, அங்க பேசி முடிச்சிருவேன்." குசினியில் பாத்திரம் ஒன்று விழுந்தது. இனி விட்டால் காரியம் கெட்டுவிடும் என்று, கதையைச் சொல்லியாவது இவர்கள் வாயை அடைக்கலாம் என நினைத்தேன்.

ராஜா ஒருவன் மரத்தில் தொங்கும் பிணத்தைத் தோளில் போட்டுப் பேசாமல் கொண்டுவர வேண்டும். பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் ஒவ்வொரு கதையாகச் சொல்லிக் கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். சொன்னாலோ மௌனம் கலைந்து பிணம் மரத்துக்கே பறந்துவிடும். ராஜா கெட்டிக்காரன். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி, ஒவ்வொரு முறையும் திரும்பப் போய்ச் சுமந்தான்.

கடைசிக் கதையில் ஒரு தகப்பனும் மகனும் காட்டில் இரண்டு பெண்களின் காலடித் தடங்களைப் பார்க்கிறார்கள். பெரிய தடம் தகப்பனுக்கு, சின்னத் தடம் மகனுக்கு என்று பேசிக்கொள்கிறார்கள். போய்ப் பார்த்தால் அவர்கள் தாயும் மகளும். பெரிய தடம் மகளுடையது, சின்னது தாயுடையது. பேச்சு மாறக்கூடாது என்று தகப்பன் மகளையும் மகன் தாயையும் அப்படியே கட்டிக்கொள்கிறார்கள். பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை? ராஜாவுக்குத் தெரியவில்லை. வாய் திறக்காமல் நடந்தான். போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தான்.

"இங்கதான் தத்துவம் இருக்கு" என்றேன். "பதில் தெரிஞ்ச வரைக்கும் அவன் மரத்துக்குத்தான் திரும்பிப் போனான். தோள்ல கெடக்குற பொணம் நாம சுமக்குற பழைய கணக்கு. தெரியலன்னு ஒப்புக்கிட்ட அந்த மௌனத்துலதான் பாரம் எறங்குது. அதனால நாமளும்..."

"இரு, இரு" என்றார் மாமா. "தகப்பன் பெத்த புள்ளைக்கு இந்த மகன் அண்ணன். அப்ப அது, மகன் பெத்த புள்ளைக்குச் சித்தப்பன்."

"அது ஆம்பளை வழி" என்றார் மாப்பிள்ளையின் அப்பா, கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு. "பொம்பளை வழியில பாருங்க. தாய் பெத்தது மகளுக்குத் தம்பி. மக பெத்த புள்ளைக்கு அவன் தாய்மாமன்."

"இவன் அவனுக்குச் சித்தப்பன், அவன் இவனுக்குத் தாய்மாமன். அப்ப காதுகுத்துக்கு யாரு சீர் கொண்டாறது?" என்று அப்பா கேட்டார். நாலு மாதமாக வாய் திறக்காத அப்பா!

"ரெண்டு பேரும் கொண்டாரணும்!" என்றார் மாமா.

"இவ்வளவுதானே, இதுக்கா ராஜா பேசாம போனான்?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"அவனுக்குச் சொந்தக்காரங்க இல்ல போல" என்றார் மாமா. மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் மௌனம், பாரம், ஞானம் என்று இரண்டு முறை தொடங்கிப் பார்த்தேன். அவர்களோ மொய்யை யார் யாருக்கு எழுதுவது என்பதில் இருந்தார்கள்.

தங்கச்சி தேத்தண்ணியோடு வந்தாள். மாமாவின் முன்னால் கோப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மாமா, ராஜா தோள்ல கெடந்தது பொணம். நான் உசிரோட இருக்கேன்."

நான் அவ்வளவு நேரம் கெஞ்சிக் கேட்ட மௌனம் அப்போதுதான் வந்தது. அதையும் சுவர் கலைத்துவிட்டது. லயத்தில் ஒரு காம்பராவில் இருமினால் அடுத்ததில் கேட்கும். பக்கத்துக் காம்பராவில் பிள்ளையில்லாத புருஷன் பெஞ்சாதி. அந்த அக்கா அங்கிருந்தே கத்தினாள்.

"என்கிட்ட தவிட்டுக்கு வித்துருங்களேன்! எனக்கு மகளாயிட்டா ஒரு முறையும் இடிக்காதே!"

பிறக்கிற பிள்ளை தங்காத வீட்டில், பிள்ளையை வேறொருத்திக்குத் தவிட்டுக்கு விற்கிற வழக்கம் எங்களிடம் உண்டு. கல்யாணத்துக்காக விற்று நான் கேள்விப்பட்டதில்லை. மாமா தாடையைத் தடவினார். "அதுல தப்பில்ல" என்றார். மாப்பிள்ளையின் அப்பாவும் ஆமென்றார். நாலு மாதம் இழுத்தது ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "இது வெறும் பொய். தவிட்டைக் குடுத்தா ரத்தம் மாறிருமா?"

"நீ சொன்ன கதையில பொணம் பேசுது. அது மட்டும் மெய்யா?" என்றார் மாமா.

தோட்டத்துக் கோயிலில் கல்யாணம் நடந்தது. பக்கத்துக் காம்பரா அக்காவின் புருஷன் தாரை வார்த்தார். எங்கள் அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பந்தியில் இலை போட்டார். பொண்ணுக்கு அண்ணன் பொரியிட வேண்டிய நேரம் வந்தபோது நான் எழுந்துவிட்டேன். மாமா என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். அந்த அக்காவுடைய தமக்கை மகன் போய்ப் பொரியிட்டான். அவனுக்கு என் தங்கச்சியின் முகம்கூடச் சரியாகத் தெரியாது.

தாலி ஏறியதும் மாமாவிடம் போனேன். "முடிஞ்சிருச்சில்ல, இப்ப திருப்பி வாங்கிக்கலாமே?"

"படிச்சவனாடா நீ? திருப்பி வாங்கினா அவங்க ரெண்டு பேரும் மறுபடி அண்ணன் தங்கச்சி ஆயிருவாங்களே!"

தலைதீபாவளிக்கு மாப்பிள்ளையும் அவளும் பக்கத்துக் காம்பராவில்தான் வந்து இறங்கினார்கள். முறை அப்படி. விடிகாலையில் அவளுக்கு எண்ணெய் வைக்கிற சத்தமும் அவள் சிரிக்கிற சத்தமும் சுவர் வழியே வந்தன. அம்மா பலகாரச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போகிறவர் மாதிரி கம்பளியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அன்றைக்குப் பெரட்டே இல்லை.

கல்யாணத்துக்கு முன்பு தங்கச்சியை வாங்குவதற்கு அந்த அக்காவின் வீட்டில் தவிடு இருக்கவில்லை. மாடு கட்டாத வீடு. நான்தான் கண்டிக் கடையிலிருந்து ஒரு கொத்து அளந்து, பேப்பரில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து அந்த அக்கா கையில் கொடுத்தேன். அதை அக்கா எங்கள் அம்மாவின் முந்தானையில் கொட்டித் தங்கச்சியை வாங்கிக்கொண்டாள். கடை முதலாளி அதை என் சம்பளத்தில் கழித்துக்கொண்டார். நாற்பது சதம்.