எரியலைன்னா ஆறிப்போச்சு

வீடு வீடாப் போய் விரல்ல குத்தி சுகர் பார்க்கிற வேலை மாதிரி ஊர்ல கெட்ட பேர் வாங்கித் தர்ற வேலை வேற இல்லீங்க. எங்களைப் பார்த்ததும் பாதித் தெரு தோட்டத்துப் பக்கமா நழுவிடும். மீதித் தெரு "நேத்துதாங்க பார்த்தாங்க"ன்னு சத்தியம் பண்ணும். இதே பொழப்புல இருக்கிறவங்க இதைப் படிச்சா தலையாட்டுவீங்க. எனக்கு ஒதுக்கினது மரக்காணம் உப்பளத்துப் பக்கம். அங்க உப்பு சுமக்கிறவ அஞ்சலை. என்னைவிடக் கொஞ்சம் சின்னவ, வாய் ரொம்ப ஜாஸ்தி. சுகர், பிரஷர், கொழுப்பு மூணும் அவளுக்கு ஒண்ணாவே வந்துது.

வெறும் வயிறு

வெறும் வயித்துல ரத்தம் எடுக்கணும். ஆனா வெயில் ஏறுறதுக்குள்ள உப்பை வாரிக் கரை சேர்க்கணுமே, நான் போறப்ப அவ வீடு பூட்டிக் கிடக்கும். சரின்னு மிஷினைத் தூக்கிக்கிட்டு உப்பளத்து வரப்புக்கே போனேன். டீயும் பன்னும் முடிச்சு வாயைத் தொடைச்சிக்கினு உக்காந்திருக்கா. "சாப்பிடாம இருன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனேடி"ன்னு கத்தினேன்.

"யக்கா, வெறும் வயித்தோட கூடை தூக்கினா பாத்தியில விழுந்து மண்டை உடையும். அப்புறம் நீ குத்தவே வேணாம், ரத்தம் தானா வரும்"னா.

மாத்திரை

டாக்டர் குடுத்த பிரஷர் மாத்திரை அட்டையில பாதிக்கு மேல அப்படியே இருக்குது. வேலை இல்லாத நாள்ல மட்டும்தான் போடறாளாம். ஏன்டின்னா, அதைப் போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருதாம். கண்ணுக்கெட்டின தூரம் வெறும் உப்பு, ஒரு செடி மறைவு கிடையாது. தண்ணியே குடிக்காம வேலை செய்யறாங்க பொம்பளைங்க. மாசக் கூட்டத்துல எழுந்து, அங்க முதல்ல ஒரு கக்கூஸ் கட்டுங்க சார்னு சொன்னேன்.

எங்க அதிகாரி பொறுமையாக் கேட்டுட்டு, "ஜனங்களுக்கு விழிப்புணர்வு பத்தலம்மா, ஒரு நோட்டீஸ் ஒட்டிடுங்க"ன்னார்.

கிளிஞ்சல்

உப்பளத்துல கால்ல வெடிப்பு, கீறல் இல்லாத ஆளே கிடையாது. உப்புத் தண்ணி பட்டா உயிர் போற மாதிரி எரியும். எரியறது நின்னா புண்ணு ஆறிப்போச்சுன்னு கணக்கு. யாரும் குனிஞ்சு பார்க்கறதில்ல. அஞ்சலைக்குக் கட்டைவிரலுக்கு அடியில கிளிஞ்சல் கிழிச்சிருந்தது. கொஞ்ச நாள் கழிச்சு விசாரிச்சா, தண்ணியில நின்னுக்கினே "எரியலக்கா, ஆறிப்போச்சு"ன்னு சிரிக்கறா. காலைத் தூக்கச் சொன்னேன். அய்யோ, அடிப்பாதம் வெளுத்து ஊறி, உள்ள சீழ் வெச்சிருக்கு!

சுகர்ல கால் மரத்துப்போச்சுடி, அதான் எரியல, இப்பவே ஆஸ்பத்திரிக்கு வான்னு கையைப் பிடிச்சு இழுத்தேன். லாரி லோடுக்கு நின்னுக்கினு இருந்தது. பாதியில போனா மறுநாள் அவ இடத்துல வேற ஆளு. லோடு முடியட்டும், வர்றேன்னா. மேஸ்திரிகிட்டயும் கெஞ்சிப் பார்த்தேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, "அவ காலு, அவளே நல்லாருக்குன்றா, உனக்கு இன்னாம்மா வந்துது?"ன்னார்.

கட்டில்

அந்த லோடு முடிஞ்சு அடுத்த லோடு வந்துது. அஞ்சலை ஆஸ்பத்திரிக்கு வரல. காய்ச்சல்ல சுருண்டு விழுந்தப்புறம்தான் புதுச்சேரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. காலைக் கணுக்காலுக்கு மேல வெச்சு எடுத்துட்டாங்க. பார்க்கப் போனவ கட்டிலோரம் நின்னு ஓன்னு அழுதுட்டேன். பாழாப்போன லாரி ஒரு நாள் தாமதமா வந்திருக்கக்கூடாதான்னு இன்னிக்கும் மனசு அடிச்சிக்குது.

அவதான் என் முந்தானையைப் பிடிச்சு இழுத்து உக்கார வெச்சு, "நீ ஏன்க்கா அழுவுற? வலிச்சிருந்தா அன்னைக்கே வந்திருப்பேன். வலிக்காதத எப்படிக்கா நோவுன்னு நம்பறது?"ன்னா.

சுகர்காரங்களுக்கு நாங்க சொல்ற முதல் புத்தி 'தினமும் நடங்க'ன்றதுதான். அடுத்த தபா அஞ்சலை வீட்டுக்குப் போறப்ப என்ன சொல்றதுன்னு இதே வேலையில இருக்கிற யாராச்சும் எனக்குச் சொல்லிக்குடுங்க.