என்-4 லேனில் எரிந்த மூன்று கோடுகள்

1. பி-17

தொண்ணூற்றெட்டில் நான் பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியின் மைக்ரோபயாலஜி லேபில் சீனியர் டெக்னீஷியன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அப்போது ஆறு மாத கர்ப்பம் வேறு, கேட்கவா வேண்டும்?

சிறுநீர்த் தொற்றை உண்டாக்கும் ஈ.கோலை கிருமியில் எந்தெந்த ஜீன் இருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. பேப் ஜீன் இருந்தால் கிருமி சிறுநீரகத்தைப் பிடித்துக்கொள்ளும். ஹீமோலைசின் ஜீன் ரத்த அணுவை உடைக்கும். சி.என்.எஃப். ஜீன் நம் செல்லையே குழப்பிவிடும். பி.சி.ஆரில் ஜீனைப் பெருக்கி, ஒவ்வொரு கிருமிக்கும் ஜெல்லில் லேன் என்ற தனித் தடம் விட்டு ஓட்டி, யு.வி. வெளிச்சத்தில் வைத்தால், இருக்கிற ஜீன் ஒவ்வொன்றும் ஓர் ஆரஞ்சுக் கோடாக எரியும்.

நோயாளிகளின் கிருமிக்கு 'பி', ஒப்பிட்டுப் பார்க்கக் கண்ட்ரோலாக வைக்கும் நார்மல் ஆட்களுடையதற்கு 'என்'. நார்மலுக்கு எங்கே போவது? லேப் ஆட்கள் ஆறு பேர் ஆளுக்கொரு டப்பாவில் மலம் கொண்டுவந்து கொடுத்தோம். ஆரோக்கியமான குடலிலும் ஈ.கோலை உண்டு. யாருக்கு எந்த எண் என்ற விவரம் ஒட்டிய கவரில், ஹெட் மேடத்தின் டிராயரில் இருந்தது.

பி-17 பெங்களூரை அடுத்த ஆனேக்கலிலிருந்து வந்த பெண். ஏழாம் மாதம், குளிர்ஜுரம். தொற்று சிறுநீரகம் வரை ஏறி, முன்னதாகவே வலி வந்து, பிறந்த குழந்தை அன்றே போய்விட்டது. அவள் கிருமியில் மூன்று கோடும் இருந்தன. அது வளர்ந்த பிளேட்டை எடுக்கும்போதெல்லாம் வயிற்றிலிருந்து தள்ளியே பிடிப்பேன். பயமாக இருந்தது.

2. தண்ணீர் லேன்

ஜெல் சாயம் கர்ப்பிணிக்கு ஆகாது என்று என் ஜூனியர் ஃபாத்திமாதான் அதைத் தொடுவாள். ஒரு மதியம் டார்க் ரூமிலிருந்து கூப்பிட்டாள்.

"அக்கா, இங்க வாங்களேன். என்-4 எரியுது."

கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்த்தேன். பி-17க்கு அடுத்த லேனில், அதே உயரத்தில், அதே மூன்று கோடுகள்.

"பிப்பெட் டிப் மாத்துனியா, இல்ல பி-17ஐத் தொட்ட டிப்பாலயே இதையும் தொட்டியா?"

"மாத்துனேன்க்கா. தண்ணி போட்ட லேனைப் பாருங்க, காலியாதான இருக்கு."

கிருமியே போடாத அந்த லேன் இருட்டாகத்தான் இருந்தது; கலப்படம் என்றால் அங்கேயும் எரிந்திருக்கும். நான் நம்பவில்லை. கண்டபடி திட்டி, புது டிப், புது தண்ணீர் வைத்து இன்னும் இரண்டு முறை செய்ய வைத்தேன். இரண்டு முறையும் தண்ணீர் இருண்டே கிடந்தது, என்-4 எரிந்தது.

கடைசியில் என்-4ஐ நானே, ரத்தம் கலந்த பிளட் அகார் பிளேட்டில் போட்டேன். மறுநாள் காலை கிருமி வளர்ந்த ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ரத்தம் கரைந்து வட்டமாகத் தெளிந்திருந்தது. தூக்கிப் பிடித்தேன். ரத்தத்தினூடே என் விரல் தெரிந்தது.

"யார் வயித்துலயோ பேய் குடியிருக்குடி" என்று சிரித்து வைத்தேன். ஃபாத்திமா சிரிக்கவில்லை.

3. கவர்

மேடத்திடம் போனேன். "என்-4 கெட்டுப்போச்சு மேடம். எடுத்துட்டு வேற யாரோடதையாவது போட்டுக்கலாம்."

அந்த நாளில் எல்லோரும் செய்வதுதான். நார்மல் என்றால் நார்மலாகத் தெரிய வேண்டும்.

"ஸ்வல்ப இரும்மா" என்றார் மேடம். வீட்டில் கன்னடம் பேசுபவர்; கொஞ்சம் பொறு என்கிறார். "தண்ணி சுத்தமா இருக்கே, இது மட்டும் எப்படிக் கெடும்?"

கவரைக் கிழித்தார். காகிதத்தைப் பார்த்தார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார்.

"ஜெசிந்தா, எத்தனாவது மாசம்?"

"ஆறு மேடம். ஆனா எரிச்சல் இல்ல, ஜுரம் இல்ல, ஒண்ணுமே இல்லையே."

"குடல்ல இருந்தா பரவால்ல. அங்கேருந்து மேல ஏறியிருக்கான்னு பாக்கணும். இப்பவே யூரின் குடு."

கல்ச்சரில் மில்லிக்கு லட்சம் கிருமிக்கு மேல் வளர்ந்திருந்தது. சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் உடனே மருந்து ஆரம்பித்தார். பத்து நாள் கழித்துப் பார்த்த பிளேட் வெறுமையாக இருந்தது. மகள் மாதம் நிறைந்து பிறந்தாள். ஃபாத்திமாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா" என்றாள்.

இளையவர்களுக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். கண்ட்ரோல் எரிந்தால் அதைத் தூக்கிப் போடும் முன் அது யாருடையது என்று கேளுங்கள்.

ஓய்வு பெற்ற அன்று டீப் ஃப்ரீசரைத் திறந்து பார்த்தேன். பி-17, என்-4 இரண்டு குப்பியும் ஒரே டப்பாவில் அடுத்தடுத்து இருந்தன. ஒரு சொட்டெடுத்து பிளேட்டில் வைத்தால் இரண்டும் காலைக்குள் வளர்ந்துவிடும். கீழே என் மகள் ஸ்கூட்டியில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள். ஆனேக்கல் பெண்ணின் குழந்தைக்கும் அவள் வயதுதான் ஆகியிருக்கும்.