ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர்

நாவல் பரிந்துரைப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். திமிர்தான், வேறென்ன. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. வாரம் முழுக்க அளவு தப்பிய பாகங்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருப்பவளுக்கு, ஞாயிற்றுக்கிழமையானால் மனிதர்களையும் அளந்து 'உங்களுக்கு இதுதான் பொருந்தும்' என்று சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. அதுவும் அறிவியல் புனைவு, மாயாஜாலக் கதை என்றால் கேட்கவே வேண்டாம். 'இதெல்லாம் சின்னப் பசங்க படிக்கிறதுதானே' என்று ஒருமுறை சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மாதத்தில் இரண்டாவது ஞாயிறு, காலை பத்து மணிக்கு, ஆவடியில் எங்கள் அடுக்குமாடியின் சங்க அறையில் கூடுவோம். ஒரு மூலையில் கேரம் போர்டு, இன்னொரு மூலையில் போன பொங்கலுக்குக் கட்டிய தோரணம், நடுவில் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஏழெட்டுப் பேர் தேறுவோம். தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சார், ஐ.டி.யில் வேலை பார்க்கும் ஒரு திருநெல்வேலிக்காரர், பூந்தமல்லியிலிருந்து வரும் பாய் என்று எல்லாரும் விண்கலம், வேற்றுக்கிரகம், பேசும் காடு என்று கேட்டாலே கண் விரிகிற ஜாதி. பாய்க்குப் பூந்தமல்லி டிரங்க் ரோட்டை ஒட்டிச் சின்னதாக ஒரு லேத் பட்டறை. கை நகத்தில் கிரீஸ் போகவே போகாது என்பதால் புத்தகத்தைத் தொடும் முன் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொள்வார்.

எங்கள் வாசிப்புக் குழுவில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் ஒரு நாவலைச் சிபாரிசு செய்தால் கதையைச் சொல்லக் கூடாது. அந்த உலகத்தின் விதி என்னவோ அதை மட்டும் மூச்சு விடாமல் ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். 'அந்த ஊரில் பொய் சொன்னால் நிழல் குட்டையாகும்.' அவ்வளவுதான். அதற்கு மேல் வாய் திறந்து யார் செத்தார், யார் யாரைக் கட்டிக்கொண்டார் என்று உளறினால், அன்றைக்கு எல்லாருக்கும் அவர்தான் பஜ்ஜி வாங்க வேண்டும். திருநெல்வேலிக்காரர் வாங்கிய பஜ்ஜியில் ஒரு கடையே வைக்கலாம். நான் ஒரு தடவைகூட வாங்கியதில்லை. அதில் எனக்குக் கொள்ளைப் பெருமை.

ஆனால் இந்தப் பழக்கம் நம்மை என்ன பாடுபடுத்துகிறது என்று நான் யோசித்ததே இல்லை. வருஷக்கணக்காக விதியை மட்டுமே சொல்லிச் சொல்லி, எனக்கு விதி மட்டும்தான் ஞாபகம் இருக்க ஆரம்பித்தது. அந்த விதிக்குள் கிடந்து அல்லாடிய மனிதர்கள் மறந்துபோனார்கள். எழுநூறு பக்கம் படித்து, இரண்டு நாள் அழுதுவிட்டு, கடைசியில் எனக்கு மிஞ்சியது ஒரு வாக்கியம்.

ஒரு ஞாயிறு பாய் என்னிடம் கேட்டார். "அக்கா, குண்டு புக்கா ஒண்ணு குடுங்க. ஊட்ல அவளுக்கு டயாலிசிஸ் ஓடிகினு கீது. வாரத்துக்கு மூணு நாளு, ஒவ்வொரு வாட்டியும் நாலு மணி நேரம். ஒரு கையில ஊசி குத்தி வெச்சிடறாங்க, புக்கு புடிக்க முடியாது. நான்தான் பக்கத்துல குந்திகினு படிச்சிக் காட்டறேன். சீக்கிரம் தீந்து போவாததா குடுங்க."

அவர் மனைவிக்குச் சிறுநீரகக் கோளாறு என்று எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் என் மூளைக்குள் போனது 'குண்டு புத்தகம்' என்கிற இரண்டு சொல் மட்டும்தான். உடனே என் செல்லப் புத்தகம் கைக்கு வந்துவிட்டது. எழுநூறு பக்க மொழிபெயர்ப்பு. பெயரை இங்கே சொல்ல மாட்டேன், சொன்னால் மறுபடியும் சிபாரிசு செய்தது போலாகிவிடும்.

எல்லாரும் கேட்க விதியைச் சொன்னேன். "நூறு வருஷம் போகிற விண்கப்பல், அதில் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு டம்ளர் தண்ணீர்."

"ஆகா!" என்றார் சார். திருநெல்வேலிக்காரர் விசிலே அடித்தார். பாய் மட்டும் அட்டையையே பார்த்துவிட்டு, விரலைத் துடைத்துப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். சொக்கிப்போய்விட்டார் என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் வந்தபோது தேநீர் நேரத்தில் அவராகவே பேச்சை எடுத்தார். "நல்லா போவுதுக்கா. நானூறு பக்கம் தாண்டிட்டோம். அவ அந்தக் கப்பலை 'நம்ம கப்பலு'ங்கறா."

"ஏன் அப்படி?" என்று கேட்டேன். கேட்டேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

"இன்னாக்கா, தெரியாத மாதிரி கேக்கறீங்க? டயாலிசிஸ்ல கீறவங்க தண்ணி குடிக்கக் கூடாதே. அவளுக்கு முக்கால் லிட்டர்னு சொல்லிக்கீறாங்க. காபி, ரசம், மாத்திரைக்கு ஊத்திக்கிறது எல்லாம் சேத்துதான். காலையில பாட்டில்ல புடிச்சி வெச்சிகினா, ராத்திரி வரைக்கும் அதான். ரெண்டு மாசம் முன்ன தாங்க முடியாம ஒரு சொம்பு, ரெண்டு சொம்புன்னு குடிச்சிட்டா. நெஞ்சுல நீர் கோத்துகினு மூச்சே வுட முடியல. பொழச்சதே பெரிசு."

நாள் முழுக்க நாக்கு வறண்டு கிடக்கிற ஒரு பெண்ணுக்கு, தண்ணீருக்குத் தவிக்கிற கதையைத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன். அடி பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். அதைவிடப் பெரிய குண்டு அடுத்த நொடியில் ஞாபகம் வந்தது. அந்த நாவலின் கடைசி அத்தியாயம். கப்பல் ஒரு நீலக் கிரகத்தில் இறங்குகிறது. நூறு வருஷத் தாகத்தோடு இறங்கியவர்கள் ஆற்றில் விழுந்து தண்ணீர் குடிக்கிறார்கள். பதினெட்டுப் பக்கம், குடிப்பது மட்டும்தான். படிக்கிறவனுக்கே எழுந்துபோய் ஒரு சொம்பு குடிக்கத் தோன்றும். எனக்குத் தோன்றியது. குடித்தேன்.

பாயைத் தனியாகப் பைக் நிறுத்துமிடத்துக்கு அழைத்துப்போய் மொத்தக் கதையையும் கடைசி வரைக்கும் கொட்டிவிட்டேன். வாழ்நாளில் முதல் தடவையாக விதியை மீறினேன், பஜ்ஜி வாங்கித் தரும் நிலைமையில்கூட இல்லை. "மன்னிச்சிடுங்க பாய். புத்தகத்தைத் திருப்பிக் குடுத்துடுங்க, வேற தர்றேன்" என்றேன்.

"பாதியில புடுங்கினா அவ சும்மா வுடுவாளா? நீங்க உடுங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்றார் அவர். அந்த நிதானத்தைப் பார்த்து எனக்கு இன்னும் வெட்கமாகப் போயிற்று.

மூன்று வாரம் கழித்து மதிய இடைவேளையில் போன் வந்தது. "அக்கா, முடிச்சாச்சு. அந்தக் கடைசி அத்தியாயத்த மொத்தமா சேத்து ஸ்டேப்ளர் அடிச்சிட்டேன். அதுக்கு முன்னாடியே கதை அவ்ளோதான்னு சொல்லிட்டேன். அவளும் ஒண்ணும் கேக்கல."

நல்லது என்று சொல்லிவிட்டு வைத்தேன். மத்தியானம் முழுக்க வேலை ஓடவில்லை. அவர் நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறார், நானே அவர் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அந்த அத்தியாயத்துக்கு முந்தின பக்கம் எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும். கப்பல் இருட்டில் போய்க்கொண்டே இருக்கும். டம்ளரை முக்கால் டம்ளராகக் குறைத்துவிடுவார்கள். அங்கே பின் அடித்தால் யாரும் எங்கேயும் போய்ச் சேரவில்லை என்றுதானே ஆகிறது? 'நம்ம கப்பலு' என்று சொன்ன பெண்ணுக்கு, உன் கப்பல் கடைசி வரை போய்ச் சேராது என்று நாங்கள் இருவரும் சேர்ந்து சொல்லிவிட்டோமே! குடிக்கிறதைக் காட்டுவது கொடுமையா, காட்டாமல் விடுவது கொடுமையா? இரண்டு ராத்திரி தூக்கம் கெட்டது. புத்தகம் வாசிப்பதில் இப்படி ஒரு அவஸ்தை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

சனிக்கிழமை பஸ் பிடித்தேன். பருத்திப்பட்டு, காடுவெட்டி, கரையான்சாவடி என்று நின்று நின்று போனது. பூந்தமல்லியில் மெட்ரோ தூண்களுக்குக் கீழே புழுதியில் இறங்கி, பாய் பட்டறையில் இருக்கும் நேரமாகப் பார்த்து அவர் வீட்டுக்குப் போனேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கதவைத் திறந்தவர் ஒல்லியான பெண், நாற்பது வயதிருக்கும். இடது கையில் ஊசி குத்திக் குத்தி நரம்பு புடைத்திருந்தது. தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆவடி புக்கு அக்காதானே? வாங்க வாங்க. அவரு சொல்ற அடையாளம் அப்பிடியே கீது" என்று சிரித்தார்.

உட்கார வைத்துவிட்டு டீ போட்டுக்கொண்டு வந்தார், ஒரே ஒரு கிளாஸ். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. "நீங்க குடிங்க. நான் குடிக்கலன்னு ஊருக்கே டீ போடாம இருந்துட முடியுமா?" என்றார். ஜன்னல் திண்டில் அவருடைய பாட்டில் இருந்தது. மணி பதினொன்று, அதில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. அந்த டீயை நான் எப்படிக் குடித்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

"உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன். அந்தப் புத்தகத்தை உங்களுக்குக் குடுத்திருக்கக் கூடாது. அப்புறம்... அது முடியற விதம்..." என்று இழுத்தேன்.

அவர் எழுந்துபோய்த் தெருக் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவரு ஸ்டேப்ளர் அடிச்சத சமையக்கட்டுலேர்ந்து பாத்துகினுதான் இருந்தேன். மறுநாள் அவரு பட்டறைக்குப் போனதும் கத்தி முனையால பின்ன நெம்பி எடுத்துப் படிச்சிட்டு, திரும்பவும் அடிச்சி வெச்சிட்டேன்."

காலி கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தேன்.

"பயப்படாதீங்க. ஒரே வாட்டிதான், சத்தியமா" என்றார்.

"உங்களுக்குக் கஷ்டமா இல்லையா? அத்தனை தண்ணி..."

"தாகம் புக்கு படிச்சாத்தான் வருதா, படிக்காட்டியும் வந்துகினுதான் கீது." கொஞ்ச நேரம் பாட்டிலையே பார்த்தார். "யாராச்சும் குடிக்கட்டுமேக்கா. அத்தினி வருஷம் நாக்கு வறண்டு கெடந்துதுங்க. போய்ச் சேந்து ஒரு வாய் குடிக்காம எப்பிடி? கப்பல்ல வந்த அந்தப் பொண்ணு மொதல்ல குடிக்காம, தண்ணியில கைய வுட்டுப் பாத்துகினே இருப்பா பாருங்க. அவளுக்குத் தெரிஞ்சிக்கீது. நான் அங்க நல்லா அழுதேன். நல்ல அழுகைதான்."

அந்த நாவலை மூன்று தடவை படித்தவள் நான். அந்தப் பெண் தண்ணீரில் கையை விட்டுப் பார்க்கும் இடம் எனக்கு நினைவே இல்லை. ஒரு டம்ளர், நூறு வருஷம், விண்கப்பல் என்று மட்டும் வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் சிபாரிசு செய்துகொண்டிருந்திருக்கிறேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "அவருகிட்ட சொல்லிடாதீங்க. பாவம், என்னக் காப்பாத்திட்டதா நெனச்சிகினு கீறாரு."

அடுத்த இரண்டாவது ஞாயிறு பாய் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். படித்தவர் நாலு வார்த்தை கருத்துச் சொல்வதும் எங்கள் வழக்கம். "நல்ல புக்கு. ஆனா கடைசி அத்தியாயம் தேவையில்ல. அது இல்லாமயே கதை முடிஞ்சி போவுது" என்றார், என்னைப் பார்க்காமல்.

சாருக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "என்ன பாய் பேசறீங்க? அந்த அத்தியாயத்துக்காகத்தானே மொத்தப் புத்தகமும்! என்னம்மா, நீங்க பாட்டுக்கு வாயை மூடிட்டு இருக்கீங்க?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அன்றைக்குக் கூட்டம் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் போயிருக்கும். பாய் குனிந்து விரல் நகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாய் சொல்றது சரிதான் சார். அது இல்லாமலே கதை முழுசா இருக்கு" என்றேன். புத்தக விஷயத்தில் நான் சொன்ன முதல் பொய் அதுதான். "உடம்பு கிடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டார் சார். பாய் நிமிர்ந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

மேலே வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தேன். கடைசி ஒன்பது தாள்களையும் சேர்த்து ஒரு பின் இறுக்கமாக நின்றது. அதைச் சுற்றிக் காகிதத்தில் பழைய ஓட்டைகள், பக்கத்துப் பக்கத்தில், ஜோடி ஜோடியாக. வேலைப் பழக்கம், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எண்ணினேன். ஒரே வாட்டிதான் என்று பாயின் மனைவி சத்தியம் பண்ணியிருந்தார், அப்படியானால் ஒரு ஜோடிதான் இருக்க வேண்டும். ஆறு ஜோடி இருந்தது. பின்னைப் பிரிக்காமல் அப்படியே பைக்குள் வைத்து, சனிக்கிழமை மறுபடி பஸ் ஏறி, பாய் பட்டறையில் இருக்கும் நேரமாகப் பார்த்து அவர் மனைவியிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.