மறுவீட்டுச் சொதிக்கு ஒரு மூக்கு

"பச்சை வாடை போயிட்டுளா!"

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு அடுக்களையிலிருந்து கேட்ட குரல் இது. குரலுக்குச் சொந்தக்காரர் என் வீட்டுக்காரர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். கல்யாணமான நாளாக அடுக்களை வாசல்படியைத் தாண்டியதில்லை. காபி டம்ளரைக்கூட வெளியே நின்றுதான் வாங்குவார். அப்பேர்ப்பட்டவர் அடுப்புப் பக்கத்தில் நின்று, கொதிக்கிற பாத்திரத்துக்கு மேல் முகத்தை நீட்டி, மோந்து பார்த்துச் சேதி சொல்லிக்கொண்டிருந்தார்.

வந்திருந்த சொந்தக்காரர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்கு முழுக்கதை தெரியாது.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் மண்டை ஆபரேஷன் விஷயம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் சுருக்கமாக... இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் நெற்றிக்குப் பின்னால் எலுமிச்சங்காய் அளவில் ஒரு கட்டி. மதுரைக்குக் கொண்டுபோய் எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை. பிழைத்துக்கொண்டேன். ஆனால், வாசனையை மூளைக்குக் கொண்டுபோகிற நரம்பின் மேல்தான் அது உட்கார்ந்திருந்ததாம். கட்டியோடு அதுவும் போயிற்று. "இது திரும்பி வராதும்மா" என்று டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார்.

உயிர் மிச்சம், மூக்கு நஷ்டம். இந்த வியாபாரத்தை யாராவது வேண்டாம் என்பார்களா?

"இப்ப பூரா குணமாயிட்டா?" — பார்க்கிறவர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். முடி வளர்ந்து தழும்பை மூடிவிட்டதால் அவர்கள் கணக்கில் நான் சரியாகிவிட்டேன். நானும் "ஆயிட்டு" என்று சொல்லிவிடுவேன். எங்கள் ஊர் வண்ணார்பேட்டை பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு வேறென்ன சொல்வது? ஹாரன் அடித்தால் மண்டைக்குள் ஆணி இறங்குகிறது, மத்தியானம் ஆனால் சாவி தீர்ந்த பொம்மை மாதிரி நின்றுவிடுகிறேன், வலிப்பு வராமல் இருக்கக் காலையும் ராத்திரியும் மாத்திரை, நாலு பேர் ஒன்றாகப் பேசினால் யார் என்ன சொன்னார்கள் என்று பிடிபடுவதில்லை, இந்த ஒரு பக்கத்தையே தவணை தவணையாகத்தான் எழுதுகிறேன்... இதையெல்லாம் பஸ் வருவதற்குள் சொல்லி முடிக்க முடியுமா?

இதெல்லாம்கூடப் பழகிவிட்டது. பழகாதது அடுக்களை விஷயம்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் ஒருநாள் பாலை அடுப்பில் வைத்துவிட்டு அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பால் பொங்கி, வற்றி, தீய்ந்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கே வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. பால் தீய்ந்தால் பாத்திரத்தோடு போகும்... கேஸ் கசிந்தால்? அவர்கள் பயந்ததில் தப்பே சொல்ல முடியாது. என் வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு மதினி, பெட்டியோடு வந்து அடுக்களையை ஏற்றுக்கொண்டார்.

"நீ சும்மா உக்காருளா. நாங்க பாத்துக்கிடுதோம்."

அன்பாகத்தான் சொன்னார். ஆனால் சும்மா உட்காருவது எவ்வளவு கஷ்டமான வேலை என்று உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். காய் நறுக்கப் போனால் அரிவாள்மணையை வாங்கிக்கொள்வார். பாத்திரத்தைத் தொட்டால் "மயக்கம் வந்துரும்" என்பார். என் வீட்டில் நானே விருந்தாளி. அதுவும் ஊருக்கே போகாத விருந்தாளி!

இப்படி இருக்கும்போது மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை வீடு அம்பாசமுத்திரம்.

எங்கள் பக்கத்துச் சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீடு. மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டில் சொதி விருந்து. தேங்காய்ப் பாலில் காய்கறியும் பாசிப்பருப்பும் போட்டுச் செய்கிற குழம்புதான் சொதி. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. கல்யாணச் சாப்பாட்டில் குறை என்றால்கூட மறந்துவிடுவார்கள். சொதி சரியில்லை என்றால் பேரன் பேத்தி எடுத்த பிறகும் சொல்லிக் காட்டுவார்கள்.

"தவசுப்பிள்ளையவே சொதியும் வைக்கச் சொல்லிருவோம்" என்றார் மதினி. எங்கள் ஊரில் சமையல்காரருக்குத் தவசுப்பிள்ளை என்று பெயர்.

"மத்ததெல்லாம் அவரு செய்யட்டும் மதினி. எம் பிள்ளை மறுவீட்டுக்குச் சொதிய நான்தான் வைப்பேன்."

"சம்பந்தகாரங்க முன்னால பால் திரிஞ்சு போச்சுன்னா என்னளா செய்வ?"

கேட்டதில் நியாயம் இருந்தது. ஏனென்றால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. இலையில் விழும் முன் யாரும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. எச்சில்! உப்பு, உறைப்பு, பக்குவம் எல்லாம் கொதிக்கிற வாசத்தை வைத்தே சொல்ல வேண்டும். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து நான் அப்படித்தான் சமைத்தேன், பேரும் வாங்கினேன். சொதியில் அரைத்து விட்ட பச்சை மிளகாய், இஞ்சியின் பச்சை வாடை போன பிறகுதான் கெட்டியான முதல் பாலை ஊற்ற வேண்டும். அப்புறம் கொதிக்க விட்டால் திரிந்துவிடும், நுரை கூடும்போதே இறக்க வேண்டும். மூக்கில்லாதவள் எந்தத் தைரியத்தில் கரண்டியைப் பிடிப்பது?

அப்போதுதான் அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார். "நான் மோந்து சொல்லுதேன்."

மதினி தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். "ஏலே, ஒனக்கு மல்லிக்கும் புதினாவுக்கும் வித்தியாசம் தெரியுமால?"

தெரியாதுதான். அதனால் பயிற்சி ஆரம்பமானது. சாயங்காலம்தோறும் சின்னப் பாத்திரத்தில் சொதி. பக்கத்தில் கணக்கு வாத்தியார், கைகட்டி நிற்கும் மாணவராக.

"வாசம் எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

"நல்லாருக்குன்னா?"

"ரொம்ப நல்லாருக்கு."

இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? இத்தனை வருஷமும் 'நல்லாருக்கு' என்ற ஒரே வார்த்தையில் சாப்பாட்டை முடித்த மனிதரிடம் வேறு வார்த்தையை எப்படி வரவழைப்பது? பையப் பைய வந்தது. "மொளகாச் செடியப் பிடுங்கி மூஞ்சில தேய்ச்ச மாதிரி இருக்கு" என்றால் இன்னும் கொதிக்க வேண்டும். "பச்சை வாடை போயிட்டு" என்றால் முதல் பாலை ஊற்றலாம். கடைசியாக, "இப்ப எனக்குப் பசிக்கு" என்றால் இறக்கிவிடலாம்! தினமும் சொதி சாப்பிட்டு மதினிக்கு அலுத்துவிட்டது. "கல்யாணத்துக்கு முன்னாலயே மறுவீடு நடத்துதீங்களே" என்பார்.

அந்த ஞாயிறும் வந்தது. மற்ற சமையலைப் பின்கட்டில் தவசுப்பிள்ளை பார்த்துக்கொண்டார். மிக்ஸிச் சத்தம் எனக்கு ஆகாது என்று மதினி அதை மாடிக்குத் தூக்கிப்போய்த் தேங்காய் அரைத்து வந்தார். அடுக்களையில் நான், அவர், ஒரு பெரிய பாத்திரம்.

ஒரு குழம்பு கெட்டதால் மகளின் வாழ்க்கை கெட்டுவிடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் இன்றைக்குத் தோற்றால் அப்புறம் என்னைக் கரண்டி தொட விடமாட்டார்கள், நானும் கேட்க மாட்டேன். அதுவும் தெரியும்.

"பச்சை வாடை போயிட்டுளா!" என்றார். முதல் பாலை ஊற்றினேன். நான் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். "இப்ப எனக்குப் பசிக்கு." இறக்கி, எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன்.

பந்தியில் சம்பந்தி அம்மா முதல் கவளம் எடுக்கும்போது நான் கதவுக்குப் பின்னால். மெதுவாகச் சாப்பிட்டார். சொதி வாளி இரண்டாம் தடவை வந்தபோது சாதத்தில் நன்றாகக் குழி பறித்துக்கொண்டு, "சொதி யாரு கை? தவசுப்பிள்ளை கை இல்லையே இது" என்றார்.

"எங்க அம்மா கை" என்றாள் என் மகள்.

அழுதுவிட்டேன். ஆபரேஷனுக்குக் கூட்டிப்போன அன்றைக்குக்கூட நான் இப்படி அழவில்லை.

எல்லோரும் கிளம்பிய பிறகு கடைசிப் பந்தியில் அவர் உட்கார்ந்தார். நானே பரிமாறினேன். "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். மதினிதான் வாயைத் திறந்தார்.

"அவங்கிட்ட என்னத்தக் கேக்க? முந்தாநாளு கல்யாண வேலையா மழையில அலைஞ்சாம்லா, அன்னையிலருந்து மூக்கடைச்சுக் கெடக்கான். பெருங்காயத்த மூக்குல திணிச்சாலும் தெரியாது."

"தெரிஞ்சும் சும்மாவா இருந்தீங்க மதினி?"

"சொன்னா நீ கரண்டியக் கீழ வச்சிருவ. சொல்லாத எக்கான்னு இவன் கையப் பிடிச்சுக்கிட்டான். நான் என்ன செய்ய? பிள்ளையாரக் கும்பிட்டுட்டு வெளிய நின்னேன்."

பால் திரிந்துவிடும் என்று பயந்தாரே, அதே மதினி!

அவர் பக்கம் திரும்பினேன். "அப்ப பச்சை வாடை போயிட்டுன்னு எப்படிச் சொன்னீங்க?"

"ஒன் மூஞ்சியப் பாத்துத்தான்" என்றார். "கொதிக்குத சத்தம் மாறுனதும் நீ தலையச் சாய்ச்சு நிப்ப. கரண்டி தானா நின்னுரும். பயிற்சி எடுக்கும்போதே பாத்தேன்... எனக்கு வாசம் வருமுன்னால ஒனக்குத் தெரிஞ்சிருது. எங்கிட்டக் கேக்குததெல்லாம் சும்மா ஒரு இதுக்குத்தான்."

நான் அப்படி நிற்பேன் என்றே எனக்குத் தெரியாது. போன மூக்கை நினைத்து இரண்டு வருஷம் மூலையில் உட்கார்ந்தவளுக்கு, காதும் கண்ணும் கையும் மிச்சம் இருப்பது எப்படித் தெரியும்? பக்கத்தில் நின்று பார்த்தவருக்குத் தெரிந்திருக்கிறது. நோயாளியைக் கவனிக்கிறவர்கள் மாத்திரையை மட்டுமல்ல, இதையும் கொஞ்சம் கவனித்தால் தேவலை.

மதினி மறுநாளே ஊருக்குக் கிளம்பிவிட்டார். "கேஸ் சிலிண்டர மூடுதது மட்டும் ஒன் பொறுப்புலே" என்று தம்பிக்கு உத்தரவு போட்டுவிட்டு, அரிவாள்மணையை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

என் தலை இன்னும் பழையபடி ஆகவில்லை. ஆகப்போவதும் இல்லை. அவர் சளி மட்டும் விட்டுவிட்டது, ஆனால் பழக்கம் விடவில்லை. நேற்றுச் சாயங்காலம் நான் அடுக்களைக்குள் நுழைந்ததுமே பின்னாலேயே வந்து நின்றார். மூக்கை நீட்டினார். "இப்ப எனக்குப் பசிக்கு" என்றார்.

நான் இன்னும் தேங்காயே உடைக்கவில்லை!