குளத்துக்கு ஒட்டகம் காவல்

சட்டைத் தொழிற்சாலையில் அவளை எல்லாரும் பொத்தான் அக்கா என்பார்கள். தைத்து வரும் சட்டைகளின் பொத்தான்களை இழுத்துப் பார்ப்பது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக அதே மேசை. தையல் இரைச்சல் அந்த அறைக்கு எட்டாது. கை ஓடும், வாய் சும்மா இருக்கும். அதனால் சுற்றியிருந்த எட்டுப் பெண்களுக்கும் கதை சொல்வாள்.

புதிதாக வந்த மேலாளர் பெண்களின் கழிப்பறையைப் பூட்டிச் சாவியைத் தன் மேசையில் வைத்துக்கொண்டார். ஒரே நாளில் இரண்டாம் முறை கேட்டால் முறைப்பார். அவருக்கு மாடியில் தனிக் கழிப்பறை. பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார்கள். மனு எழுதிக் கொடுத்தார்கள். அது குப்பைக்கூடைக்குப் போயிற்று.

மறுநாள் கதையில் ஒரு காடு வந்தது. அங்கே குளத்துக்கு ஒட்டகம் காவல். யார் தண்ணீர் கேட்டாலும் அது சொல்லும்: "நான் குடிச்சுப் பத்து நாளாச்சு. உனக்கு மட்டும் என்ன அவசரம்?"

கதை வாய்மாறித் தையல் கூடம்வரை போனது; அங்கேயும் சிரித்தார்கள். தலைகுனிந்து சாவி கேட்டவர்கள் மேலாளரின் முகத்தைப் பார்த்துக் கேட்கத் தொடங்கினார்கள்.

"உன் கதை நம்ம சோத்துக்கு வேட்டு வெச்சிடும்டி" என்றார் வீட்டில் அவள் கணவர். அவருக்கு அப்போது வேலை இல்லை.

"ஒட்டகம் வந்து புகார் குடுக்காதுங்க."

அந்த வாரமே மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். அவளை நீக்கும் கடிதம் தட்டச்சரின் முன்னால் பாதியில் நின்றது.

"என்னைப் பத்திக் கதை கட்டுறியாமே?"

"நான் ஒட்டகத்தைப் பத்தித்தான் சொன்னேன் சார்."

"நடிக்காதே. அது யாருன்னு எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப அதையே கடிதத்துலயும் போட்டுடுங்க. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கறேன்."

தட்டச்சர் தொண்டையைக் கனைத்தார். "காரணம்னு ஒரு இடம் இருக்கு சார். ஒட்டகம்னு உங்களைச் சொன்னதா அடிக்கட்டுமா? தலைமை அலுவலகத்துக்கு ஒரு நகல் போகும்."

"வேற காரணம் போடுய்யா."

"ஒரு நாள் லேட்டா வந்ததில்லை சார். இவங்க பாத்த சட்டை ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லை."

மேலாளர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அந்த ஒட்டகம் கடைசில என்ன ஆகுது?"

"இன்னும் முடிக்கலை சார். நாளைக்குச் சாவி எங்க இருக்குன்னு பாத்துட்டுச் சொல்றேன்."

மறுநாள் சாவி கழிப்பறைக் கதவிலேயே தொங்கியது. பொத்தான் அக்கா ஒரு பாட்டில் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தாள்.

"ஒட்டகம் என்னாச்சுக்கா?"

"இருடி. அதுக்கு இன்னிக்குத்தான் லேசா தாகம் எடுத்திருக்கு."